குதிரை முரண்டு புடிக்குதா? எங்க தட்டிக்குடுக்கணும், எங்க விடாம நிக்கணும்

வட சென்னைல ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைனு எந்தப் பக்கம் போனாலும் குதிரை வச்சிருக்கவங்க என்கிட்ட கேக்குறது ரெண்டே புகார்தான். ஒண்ணு, "அண்ணே புள்ள மாதிரி வளக்குறேன், தலைமேல ஏறுது". இன்னொண்ணு, "அண்ணே அடிச்சும் பாத்துட்டேன், இன்னும் மோசமாவுது". அப்பால உள்ள போய் பாத்தா பாதி கேஸ்ல ரெண்டும் ஒரே ஆளுதான், காலைல வெல்லம் குடுத்து கொஞ்சுறாரு, சாயங்காலம் கல்யாண ஆர்டருக்கு லேட் ஆச்சுன்னா சவுக்கு எடுக்குறாரு, குதிரைக்கு எது எதுக்கு வருதுன்னே தெரியாம பேஜாராயிடுது.

கீழ சொல்றது எல்லாத்துக்கும் அடிப்படை ஒரே வேலைதான், மொதல்லயே சொல்லிடறேன். சின்னதா கேளு. பதில் வரலன்னா கொஞ்சம் ஏத்து, ஆனா பதில் வர வரைக்கும் நிறுத்தாத. பதில் வந்தா, அது அரை அடி நகர்ந்தாலும் சரி, அந்த நொடியே கயித்த லூஸ் பண்ணிடு. ஒரு செகண்டு தாண்டிட்டா எதுக்கு விட்டேன்னு அதுக்குத் தெரியாது. அது எகிறும்போது பயந்துபோய் கயித்த விட்டேன்னா எகிறுனா விடுவாங்கனு படிச்சுக்கும், அவ்ளோதான்.

## எந்த கோளாறா இருந்தாலும் மொதல்ல இத பாரு

வலி இருக்குற குதிரைய கண்டிச்சு பிரயோஜனம் இல்ல. பத்து நிமிஷம் செலவு பண்ணு, காசு ஒண்ணும் ஆவாது, ஒரு தர்மாமீட்டர் இருந்தா போதும்.

வேலை வாங்காம நிழல்ல நிக்கும்போது பாக்கணும். ஆசனவாய்ல வச்சு பாத்தா சூடு 99ல இருந்து 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் இருக்கலாம், 102 தாண்டுச்சுன்னா டாக்டருக்கு போன் போடு. நாடி, தாடை எலும்புக்கு அடியில விரல வச்சா ஓடுறது தெரியும், நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும். மூச்சு 8ல இருந்து 16. ஈறு ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும், விரலால அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள கலர் திரும்பி வரணும். வயித்துப் பக்கம் ரெண்டு பக்கமும் காத வச்சு கேளு, கடகடனு சத்தம் வந்துட்டே இருக்கணும். சத்தமே இல்லன்னா பழக்குறத பத்தி மறந்துடு, அது வேற பிரச்சனை.

இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் கீழ போ.

## கடிக்குது, மேல வந்து நெருக்குது, பாக்கெட்ட மோந்து பாக்குது

கைத்தீனி. இதுதான் மொத காரணம், பத்துக்கு எட்டு இடத்துல இதுவேதான். தெருவுல போற வர்ற பசங்க கேரட்டு, பிஸ்கட், சப்பாத்தினு ஆளாளுக்கு நீட்டுறாங்க, குதிரைக்கு கைன்னா தீனினு ஆயிடுது, கையில ஒண்ணும் இல்லன்னா கைய கடிக்குது. ஒரு மாசம் கைத்தீனிய மொத்தமா நிறுத்து, எது குடுத்தாலும் தொட்டில போடு. வீட்ல இருக்க எல்லாரும் இதையே பண்ணணும், பாட்டி மட்டும் ரகசியமா வெல்லம் குடுத்துட்டு இருந்தா ஒண்ணும் நடக்காது.

இடம் தெரியல. உன்ன சுத்தி ஒரு கை நீளம் உன் இடம். அது உள்ள வந்தா நீ பின்னால போகக்கூடாது, இங்கதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறாங்க, குதிரை தோள்ல இடிக்கும் இவரு சிரிச்சுகிட்டே நகர்ந்து குடுப்பாரு, அப்ப யாரு யார பழக்குறாங்க? நெஞ்சுல விரலால தொடு, நகரலன்னா அழுத்து, அப்பவும் நகரலன்னா கயிறு நுனியால நெஞ்சுல தட்டு, ஒரு அடி பின்னால வச்சதும் கைய எடுத்துட்டு சும்மா நில்லு. மூஞ்சில மட்டும் அறையாத. அறைஞ்சா கடிச்சிட்டு டக்குனு தலைய இழுத்துக்க கத்துக்கும், அப்பால அதோட தலைய தொடவே விடாது.

சும்மாவே கட்டிக் கெடக்குறது, பசி. நாள் பூரா முளையில கட்டி ரெண்டு வேளை கொள்ளு மட்டும் போட்டா எது கிடைச்சாலும் கடிக்கும். உடம்பு எடையில நூத்துக்கு ரெண்டு பங்கு அளவுக்கு புல்லு, காஞ்ச தீவனம் போகணும், 300 கிலோ குதிரைன்னா நாளைக்கு 6 கிலோ, அதையும் பிரிச்சு பிரிச்சு போடு.

ஆண் குதிரை. பக்கத்துல பெட்டை இருந்தா கடிக்குறது, கத்துறது, எகிறுறது எல்லாம் வரும். இனப்பெருக்கத்துக்கு வச்சுக்கலன்னா காயடிக்குறதுதான் வழி, அத டாக்டர் மயக்க மருந்து குடுத்து பண்ணணும். யாரோ தெரிஞ்சவரு பண்ணுவாருனு கூட்டிட்டு வராத.

எப்ப ஆள கூப்புடணும்: காத முழுசா பின்னால மடக்கி பல்ல காட்டிட்டு உன்ன தேடி வந்து கடிக்குதுன்னா அது விளையாட்டு இல்ல. வீட்ல குழந்தைங்க இருந்தா அன்னைக்கே அனுபவமான ஆள கூப்புடு.

## சேணம் வைக்கும்போது, பெல்ட் இழுக்கும்போது மட்டும் முறைக்குது

மத்த நேரத்துல தங்கமா இருக்குற குதிரை இந்த ஒரு வேலைக்கு மட்டும் காத மடக்குது, வயித்த உப்புது, திரும்பி பாக்குதுன்னா அதுக்கு பேரு திமிரு இல்ல, சொல்லத் தெரியாம சொல்லுது.

மொதல்ல பெல்ட் படுற இடத்துல கைய விடு, முடி கொட்டி புண்ணு இருக்கானு பாரு, மழைக்காலத்துல ஈர பெல்ட்ட அப்படியே கட்டுறதால வர்றதுதான் நிறைய. பெல்ட் ஒரே இழுப்புல இறுக்காத, மூணு தடவையா, நடுவுல நாலு அடி நடக்க வச்சு இறுக்கு, கடைசில ரெண்டு விரல் உள்ள போகணும்.

அப்பால முதுகு. முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் மூணு விரல் தள்ளி கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரே அழுத்தத்துல விரல இழுத்துட்டு வா. எங்கயாவது முதுகு கீழ அமுங்குச்சுன்னா, தோல் வெடுக்குனு துடிச்சா, அங்க வலி. வேலை முடிஞ்சு சேணத்த எடுத்ததும் வேர்வை பாரு, சுத்தி நனைஞ்சு நடுவுல ஒரு இடம் மட்டும் காஞ்சு இருந்தா சேணம் அந்த இடத்த அமுக்குதுனு அர்த்தம். அங்க வெள்ள முடி முளைச்சிருந்தா இது பழைய கதை. சாரட்டு இழுக்குற குதிரைக்கு இதே சோதனைய கழுத்துலயும் நெஞ்சுப் பட்டை படுற இடத்துலயும் பண்ணு.

சேணம் மாத்தி, ரெண்டு வாரம் ஓய்வு குடுத்தும் அப்படியே இருந்தா வயித்துப் புண்ணா இருக்கலாம். கொள்ளு, தானியம் ஜாஸ்தி, புல்லு கம்மினு வளர்ற குதிரைக்கு இது சகஜம். அதுக்கு டாக்டர்தான்.

## கால் தூக்க விடமாட்டேங்குது, உதைக்க வருது

லாடக்காரரு வர்ற அன்னைக்கு மட்டும் கால தொட்டா எந்த குதிரையும் குடுக்காது. தினமும் தொடணும். தோள்ல கைய வச்சு கீழ இறக்கிட்டே வா, ஒட்டியே நில்லு, தள்ளி நின்னாதான் உதை முழு வேகத்துல படும். கால் தூக்கினதும் ரெண்டு செகண்டுல நீயே கீழ வை, அது பிடுங்குறதுக்கு முன்னால. அது பிடுங்கி, அதுக்கு நீ விட்டா, நாளைக்கு ஒரு செகண்டுலயே பிடுங்கும். பிடுங்க ஆரம்பிச்சிட்டா கைய காலோடவே போகவிட்டு, அது தளரும்போது வை. கத்தவும் வேணாம் கொஞ்சவும் வேணாம்.

ஒரு கால் மட்டும் குடுக்கலன்னா எதிர் கால பாரு. இத நிறைய பேரு யோசிக்குறதே இல்ல, முன் வலதுகால் தூக்குனா எடை முன் இடதுகால்ல போய் உக்காருது, அங்க வலி இருந்தா எப்படி குடுக்கும்?

குளம்புக்கு அடியில நடுவுல முக்கோணமா மெத்துனு ஒரு பகுதி இருக்கும், அது கறுத்துப்போய் நாத்தம் அடிச்சா அழுகல். அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் நம்ம ஏரியால தெருவே குளமா நிக்குது, குதிரையும் அதுலயே நிக்குது, வராம என்ன பண்ணும். தினம் சுத்தம் பண்ணி காஞ்ச தரையில நிக்க வச்சா மொத கட்டத்துல சரியாயிடும். லாடம் 6ல இருந்து 8 வாரத்துக்கு ஒருக்கா மாத்தணும், மூணு நாலு மாசம் ஓட்டாத.

திடீர்னு ஒரு கால ஊனவே மாட்டேங்குது, குளம்பு சுடுது, கணுக்கு பின்னால நாடி தடதடனு அடிக்குதுன்னா குளம்புக்குள்ள சீழ் இருக்கலாம், நாலு கால்லயும் சூடுன்னா இன்னும் மோசம். உடனே டாக்டர். ஆணி ஏறியிருந்தா நீயா பிடுங்காத, எந்த இடத்துல எவ்ளோ ஆழம் போச்சுனு டாக்டர் பாக்கணும், நடக்க வைக்காம அங்கேயே நிறுத்து. டெட்டனஸ் ஊசி போட்டது எப்பனு ஞாபகம் இல்லன்னா அதையும் சொல்லு, குதிரைக்கு டெட்டனஸ் வந்தா பொழைக்கிறது கஷ்டம்.

## மெர்சலாயிடுது: ஹாரன், பேண்டு செட்டு, வெடி

இதுக்குத்தான் நெறைய எழுதணும், ஏன்னா நம்ம பக்கம் குதிரைக்கு வேலையே கல்யாணமும் சாமி ஊர்வலமும்தான், அங்க போனா தாரை தப்பட்டை, செண்டை, ஆயிரம் வாலா, ஜெனரேட்டர் வண்டி, கண்ண கூசுற லைட்டு, போற வழியில எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி ஏர் ஹாரன்.

எங்கேர்ந்து வருதுனு பாரு. குதிரைக்கு ரெண்டு பக்கமும் நல்லா தெரியும், நேர் பின்னாலயும் நெத்திக்கு நேர் முன்னாலயும் தெரியாது. பின்னாலேர்ந்து சத்தம் இல்லாம வந்து தொடுற பையனால மிரண்டா அது குதிரை கோளாறு இல்ல, பையன் கோளாறு.

பயத்துக்கு அடிச்சா. பேண்டு சத்தத்துக்கு மிரளுது, நீ சவுக்குல போடுற, இப்ப அதுக்கு பேண்டு கேட்டா முதுகுல வலி வரும்னு கணக்கு ஆயிடுச்சு. ஒரு பயம் ரெண்டு ஆச்சு. அதுக்குனு கழுத்த கட்டிக்கிட்டு "ஒண்ணுமில்லடா கண்ணா"னு கயித்த ஒட்டப் புடிச்சு நின்னாலும் தப்புதான், ஓட இடம் இல்லன்னு தெரிஞ்சா இன்னும் மிரளும். கயித்துல ஒரு ஆறு அடி விடு. சுத்தி நடக்கட்டும். ஆனா உன் மேல ஏறக்கூடாது, இடத்த விட்டு ஓடக்கூடாது, அது ரெண்டுல மட்டும் கறாரா இரு.

பழக்குற வழி. தெரிஞ்ச தப்பட்டை பசங்க ரெண்டு பேர கூப்புடு, டீ வாங்கிக்குடு. தூரத்துல அடிக்கச் சொல்லு. தலைய தூக்கி பாக்குது ஆனா வாய்ல இருக்குற புல்ல மெல்லுதுன்னா அதுதான் சரியான தூரம். மெல்லுறத நிறுத்திட்டு சிலை மாதிரி நின்னா ரொம்ப கிட்ட வந்துட்டீங்க. அப்பால அவங்கள அடிச்சுக்கிட்டே முன்னால நடக்கச் சொல்லிட்டு குதிரைய பின்னால கூட்டிட்டு போ. இது நல்லா வேலை செய்யும், சத்தம் தன்ன விட்டு ஓடுதுனு நினைச்சு குதிரை துரத்த ஆரம்பிச்சிடும், தலைய தாழ்த்தும், உதட்ட நக்கும். அந்த இடத்துல நிறுத்தி வீட்டுக்கு கூட்டிட்டு போயிடு. இன்னும் ஒரு ரவுண்டுனு ஆசைப்படாத.

பேண்டுக்காரங்களுக்கு நடுவுலயே கட்டிப் போட்டா தானா பழகிடும்னு ஒரு வைத்தியம் சொல்வாங்க. சில குதிரை அசையாம நிக்கும், பழகிடுச்சுனு நினைப்போம், உள்ளுக்குள்ள சேத்து வச்சு மாப்பிள்ளை ஏறி உக்காந்த அப்புறம் வெடிக்கும்.

மயக்க ஊசி. கல்யாணத்துக்கு முன்னாடி "அடங்குறதுக்கு" ஒண்ணு போட்டுடுறாங்க. டாக்டர் இல்லாம போடாத பா. மருந்துல தள்ளாடுற குதிரையும் வெடிச்சத்தத்துக்கு குதிக்கத்தான் செய்யும், குதிச்சா விழும். சில மயக்க மருந்து ஆண் குதிரைக்கு உறுப்பு தொங்கிப்போய் உள்ள போகாத கோளாற கொண்டு வரும்.

எப்ப ஆள கூப்புடணும்: ஒரு பக்கத்துலேர்ந்து வர்றதுக்கு மட்டும் மிரளுதுன்னா அந்தக் கண்ண டாக்டர் பாக்கட்டும். மூணு மாசம் ஒழுங்கா பழக்கியும் தாங்கலன்னா அந்தக் குதிரைக்கு ஊர்வலம் ஒத்துக்காதுனு ஏத்துக்கிட்டு வேற வேலைக்கு மாத்து.

## பாதி வழியில நின்னுடுது, சப்வேக்குள்ள எறங்காது

சப்வே கதை சுலபம். வெயில்லேர்ந்து இருட்டுக்குள்ள போகும்போது குதிரை கண்ணுக்கு பழக நம்மளவிட நேரம் புடிக்கும், உள்ள தண்ணி வேற நின்னா எவ்ளோ ஆழம்னு அதுக்கு தெரியாது. வாசல்ல நிறுத்து, தலைய தாழ்த்தி பாக்க விடு. முன்னால போகச் சொல்லி கயித்துல லேசா கேட்டுக்கிட்டே இரு, ஒரு காலு முன்னால வச்சா விடு. பின்னால திரும்ப மட்டும் விடாத. முன்னால நின்னு இழுத்தா ஜெயிக்க முடியாது, உன்ன விட அஞ்சாறு மடங்கு எடை அது. பழகின இன்னொரு குதிரைய முன்னால விட்டா பாதி பிரச்சனை அங்கேயே முடிஞ்சிடும்.

வெட்டவெளி ரோட்டுல நிக்குதுன்னா உஷாரா இரு. மே மாசத்துல மூச்சு வாங்குது ஆனா உடம்பு காஞ்சு கெடக்குதுன்னா வேர்க்குறதே நின்னுபோச்சு, நம்ம ஊரு புழுக்கத்துல இது வரும். நிழலுக்கு கொண்டுபோய் தண்ணிய ஊத்திக்கிட்டே இரு, குடிக்கவும் குடு, டாக்டர கூப்புடு. வண்டி இழுக்குற குதிரைக்கு சட்டமே இருக்கு, 1965ல வந்த விதி, 37 டிகிரி செல்சியஸ் தாண்டுற இடத்துல மதியம் 12ல இருந்து 3 வரைக்கும் பூட்டக்கூடாது, ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலயும் கூடாது. அந்த நேரத்துல நகரலன்னா குதிரை சட்டப்படிதான் நிக்குது.

அப்பப்ப நிக்குது, தரைய காலால கீறுது, வயித்த திரும்பித் திரும்பி பாக்குதுன்னா வயித்து வலி. காசிமேடு, எர்ணாவூர் பக்கம் மணல் தரையிலயே புல்ல போடுறோம், மணலும் சேந்து உள்ள போயிடுது. சாணி ஒரு ஆறு உருண்டைய பக்கெட் தண்ணில கரைச்சு கால் மணி நேரம் விடு, அடியில மணல் தங்குச்சுன்னா தீனிய இனிமே தொட்டிலதான் போடணும். உருளுது, வேர்த்துக் கொட்டுது, நாடி 60 தாண்டுதுன்னா காத்துட்டு இருக்காத, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிறு வெடிச்சே சாகும்.

## இழுத்தாலும் நிக்காம ஓடுது

மொதல்ல கொள்ளு அளவ கொறை. வேலை இல்லாத நாள்லயும் முழு தானியம் போட்டு கட்டி வச்சா அவுத்து விட்டதும் ஓடாம என்ன செய்யும்.

அடுத்தது உன் கை. லகான ஒரே இழுப்பா இழுத்து தொங்காத. இழு, விடு, இழு, விடு. நடை கொறைஞ்சதும் கைய முழுசா குடு. கிண்டி ரேஸ்லேர்ந்து கழிச்சு விட்ட குதிரைய வாங்கியிருந்தா இது ரொம்ப முக்கியம், ஏன்னா அதுக்கு லகான் இறுகுனா அதுல சாஞ்சு வேகமா போகணும்னுதான் பழக்கம், நீ நிறுத்த இழுக்குற, அது ஓடச் சொல்றனு நினைக்குது. அத மொதலேர்ந்து நடையில நிறுத்திப் பழக்கணும்.

இன்னொரு வகை இருக்கு, ரோட்டு ரேஸ்ல ஓட்டுன குதிரை. விடியகாலைல பைக்குல துரத்தி ஹாரன் அடிச்சு கத்தி ஓட விடுறாங்களே, அது. சல்லிசா கிடைக்குதுனு வாங்கிடுவாங்க, அப்பால பின்னால ஒரு பைக்கு வந்தாலே பிச்சுக்கும். அடிச்சா வேகம் ஏறும், கொஞ்சுனா காதுல விழாது. மூடுன மைதானத்துல, பைக்க தூரத்துல ஐட்லிங்ல நிறுத்தி, தப்பட்டைக்கு சொன்ன அதே முறையில மாசக்கணக்குல பழக்கணும். அதுவரைக்கும் அத ரோட்டுக்கோ குழந்தை ஏத்துறதுக்கோ கொண்டு வராத.

வாய். தலைய தூக்கி வாய திறந்துட்டு ஓடுதுன்னா வலியிலேர்ந்து ஓடுது. நாக்கு, வாய் ஓரம், கடிவாளம் படுற ஈறு எல்லாம் பாரு. மென்ன புல்ல உருண்டையா கீழ துப்புதுன்னா பல்லு ஓரம் கூராயிருக்கு, டாக்டர் அரம் போட்டு ராவணும், வருஷம் ஒருக்கா பாத்தாலே போதும். நிக்கலனு முள்ளு வச்ச கடிவாளம் மட்டும் போட்டுடாத, மேல சொன்ன அதே விதில அதுக்கும் தடை இருக்கு. கிழிஞ்ச வாய் ஆறி தழும்பாச்சுன்னா அப்பால எந்த லேசான கைக்கும் பதில் வராது.

## ரெண்டு கால்ல நிக்குது

இதுல வீட்ல சோதனை பண்ணாத. பல்லு, முதுகு, கடிவாளம் மூணையும் டாக்டர் பாக்கட்டும், சரின்னா பழக்குற ஆளுகிட்ட விடு. பின்னால சரிஞ்சு மேல விழுந்தா ஆள் காலி.

## ரொம்ப அடங்கிப்போச்சு

இத யாரும் கோளாறுனு கொண்டு வர்றதே இல்ல, "சாது"னு பெருமையா சொல்வாங்க. கூப்புட்டா காது திரும்பாது, ஈ மொய்ச்சாலும் தோல் சிலிர்க்காது, செவத்த பாத்து நிக்கும், தீனிக்கு கூட ஆர்வம் இல்ல.

அடி ஓயாம விழுந்து, என்ன செஞ்சாலும் விடமாட்டாங்கனு முடிவு பண்ணிட்ட குதிரை இப்படி ஆவும். ஒரு வாரம் ஒண்ணும் கேக்காத, அவுத்து விடு, இன்னொரு குதிரை பக்கத்துல நிக்கட்டும். அப்பால மேல சொன்ன மாதிரி ரொம்ப சின்னதா கேளு, பதில் வந்தா உடனே விடு. காது உன் பக்கம் திரும்பறதே பதில்னு எடுத்துக்கோ.

ஆனா அதுக்கு முன்னால காய்ச்சல் பாரு, ஒரு நாள் இல்ல, தொடர்ந்து பாரு. விட்டு விட்டு காய்ச்சல், எளைப்பு, கால்ல வயித்துக்கு அடியில வீக்கம், நடையில தள்ளாட்டம்னா சர்ரா நோயா இருக்கலாம், கடிக்குற பெரிய ஈயால பரவுறது, ரத்தம் பாத்துதான் சொல்ல முடியும். மூக்குலேர்ந்து கெட்டியா சளி, தோல்ல கட்டி, புண்ணுனு சேந்து வந்தா மத்த குதிரைங்கள்ட்டேர்ந்து பிரிச்சு கட்டு, வெறுங்கையால தொடாத, அந்த மாதிரி சிலது மனுஷனுக்கும் ஒட்டும்.

## டாக்டருக்கு போன் போடும்போது

நமக்கு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி பக்கம், 1903லேர்ந்து இருக்குற காலேஜோடது, பெரிய மிருகங்களுக்குனு தனியா பாக்குறாங்க. நடக்குற நெலமைல இல்லன்னா கூட்டிட்டு போகாத, மொதல்ல கேட்டுக்கோ. சூடு, நாடி, மூச்சு மூணும் எழுதி வச்சுட்டு பேசு, கடைசியா எப்ப சாணி போட்டுது, என்ன தின்னுச்சு, என்ன ஊசி போட்டீங்க, இதையும் சொல்லு, யாராவது மயக்க மருந்து போட்டிருந்தா மறைக்காத. கோளாறு பண்ணும்போது போன்ல ஒரு வீடியோ எடுத்து வை, பக்கவாட்டுலேர்ந்து, நாலு காலும் தெரியுற மாதிரி, ஏன்னா டாக்டர் வந்து நின்னா குதிரை அத பண்ணாது.